வைரக்கல் வாங்கும் தம்பிக்கு



ஓடாவி வேலைக்கு வந்த கையோடு உளி தீட்ட வைரக்கல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. சொறிக்கல்முனையிலும் கல்முனையிலும் நாம் செதுக்குவது முதிரையும் தேக்கும். முதிரைக்குப் பின்னிய நார். மழுங்கிய உளி அதைச் சீவாது, பிய்த்துவிடும். தேக்குக்குள்ளேயே சிலிக்கா இருப்பதால் உளியின் வாய் சீக்கிரம் தேயும். அடிக்கடி தீட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு வேகமான கல் வேண்டும்.

ஆனால் பெயர்தான் கல். உண்மையில் அது உருக்குத் தகடு. அதன் மேல் செயற்கை வைரத்தூளை நிக்கல் முலாம் பிடித்து வைத்திருக்கிறது. 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் உருவான பின்தான் இப்படியொரு பொருள் நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்க வழி பிறந்தது. சாதாரணச் சாணைக்கல் தேயத் தேய உள்ளிருந்து புது மணி வெளிவரும். வைரத் தகட்டிலோ மணி ஒரே படைதான். பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

அதனால் அழுத்தாதே, தம்பி. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். பழைய கல்லில் அழுத்தி அழுத்திப் பழகிய மூத்த கைகள்கூட வைரத் தகட்டைச் சில மாதங்களில் மொட்டையாக்கிவிடுகின்றன. விரலின் பாரமே போதும். ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த தண்ணீர் தெளித்து, உளியை இழுத்துப் பார். தண்ணீர் சாம்பலாகக் கறுத்து வரும். உருக்கு இறங்குகிறது என்று அர்த்தம். அது கறுத்துக்கொண்டிருக்கும்வரை கல் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது; உன் பலம் அதற்குத் தேவையில்லை.

எதை வாங்குவது? 325 மெஷ் ஒன்று, 1200 மெஷ் ஒன்று. முதலாவதன் மணி ஏறத்தாழ 45 மைக்ரோன், மற்றதன் மணி 9 மைக்ரோன். கடையிலேயே தகட்டின் மேல் இரும்பு அடிமட்டத்தை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடி. அடியில் வெளிச்சம் கசிந்தால் வைத்துவிட்டு வா. பிளாஸ்டிக் கட்டையில் ஒட்டிய மெல்லிய தகடுகளை நான் நம்புவதில்லை. புதுத்தகடு முதலில் தன் இலக்கத்தைவிட முரடாகக் கீறும், பிறகு அடங்கும். உன் நல்ல உளியை முதல் நாளே அதில் வைக்காதே.

முதலில் உளியின் பின்பக்கத்தை, வாயை ஒட்டிய ஓர் அங்குலம் மட்டும், தட்டையாக்கு. பிறகு சாய்வை 25 பாகையில் பிடி, முதிரைக்கு 30. வாயின் முழு அகலத்திலும் பிசிர் எழுந்ததைப் பெருவிரல் உணரும்வரை அடுத்த தகட்டுக்குப் போகாதே. அவசரப்படுபவர்கள் கெடுவது இந்த இடத்தில்தான். கடைசியில் தோல்வாரில் இழுத்துப் பிசிரை எடு.

கையால் தேய்க்கும்போது சூடேறாது. ஆனால் மெசினில் வைரச்சில்லைப் போட்டு உளியைத் தீட்டாதே. அந்தச் சூட்டில் வைரத்தின் கரியை இரும்பு இழுத்துக்கொள்ளும். தண்ணீர்க்கல்லைச் சமப்படுத்தவும் வைரத் தகட்டை எடுக்காதே, கலங்கி வரும் குழம்பு நிக்கலை அரிக்கும்.

நம் உப்புக்காற்றுக்கு எதுவும் தாங்காது. வேலை முடிந்ததும் தகட்டைத் துடைத்துக் காயவை, உளிக்குத் தையல் மெசின் எண்ணெய் தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

செப்டெம்பரில் உங்கள் ஊர்த் திருச்சிலுவைத் திருவிழா வேலைகள் நெருக்குவதற்கு முன் ஒருநாள் பட்டறைக்கு வா. நீ தீட்டிய பழைய உளியையும் கொண்டுவா, பின்பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம்.