கை எப்போது நடுங்குகிறது?



கை நடுங்கும் முதியவரைக் கண்டால் அதை வயதின்மேல் போட்டுவிடுவது ஊர் வழக்கமாக இருக்க, மருத்துவரோ அந்தக் கை எப்போது நடுங்குகிறது என்பதையே முதலில் பார்க்கிறார். மணப்பாட்டுக் கரையில் வலை பின்னும் ஒருவர் வேலையை நிறுத்திக் கையை மடியில் வைத்திருக்கையில், பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவனபோல் நொடிக்கு 4 முதல் 6 முறை அசைந்து, ஊசியை மீண்டும் எடுத்ததும் அவ்வசைவு தணியுமானால், அது ஓய்வு நடுக்கம் எனப்படும். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் ஒரு கையில் மட்டும் தொடங்கும் இந்நடுக்கம், மனக்கணக்குப் போடச் சொன்னால் மிகுவதும் உறக்கத்தில் மறைவதும் உண்டு. மாறாக, தேநீர்க் குவளையை வாயருகே கொண்டுசெல்லும்போது இரு கைகளும் நடுங்கி, மடியில் வைத்ததும் அடங்குமானால், அது பல குடும்பங்களில் வழிவழியாக வரும் எசென்ஷியல் ட்ரெமர் என்னும் வேறொரு கோளாறாக இருக்கலாம்.

எனினும் இப்பிரிவினை முற்றிலும் கறாரானதன்று. பார்க்கின்சன் நோயாளர் கைகளை முன்னே நீட்டினால், அடங்கிய நடுக்கம் சில நொடிகள் கழித்து அதே தாளத்தில் திரும்புவதுண்டு. எசென்ஷியல் ட்ரெமரில் அவ்விடைவெளி பொதுவாக இராது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளரும் உள்ளனர் என்பதால், அசைவு மெதுவாகிச் சுருங்குவதையே மருத்துவர் இன்றியமையாத அறிகுறியாகக் கொள்கின்றனர்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிவதால், அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைகிறது. டோபமினை நேரே கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் புகாது. புகக்கூடியதும் மூளைக்குள் டோபமினாக மாறுவதுமான லெவோடோபாவை, 1937இலேயே சென்னையில் எம். தாமோதரனும் ஆர். ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். மூளையில் டோபமின் இருப்பதே அறியப்படாத காலம் அது. லெவோடோபாவை வாய்வழியே படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நோயாளர் நலம் காண்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் காட்டியது 1967இல்தான். சித்த, ஆயுர்வேத மரபுகள் அவ்விதையை மருந்தாகக் கொண்டிருந்தது உண்மையே; ஆயினும் விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறுபடுவதால், அதைத் தாமே இடித்துண்பது தக்கதன்று. முறையான மாத்திரையிலும்கூட அசைவின் மந்தம் நீங்கும் அளவுக்கு நடுக்கம் எல்லாரிடத்தும் தணிவதில்லை. மருந்துக்கு அடங்காத நடுக்கம் வாழ்வை முடக்கும் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பதிக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.