ஆற்றிலும் ஏரியிலும் இறங்குமுன்

நீராடுதல், நீந்துதல், படகில் செல்லுதல், கரையோரத்தில் தங்கி இளைப்பாறுதல் ஆகியவை உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருவன. மாணவரை ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் ஆசிரியர்கள் அழைத்துச் செல்வதும் வழக்கம். அங்கு வருவோர் களப்பணியாளரிடம் கேட்கும் முதற்கேள்வி, “இங்கே இறங்கலாமா?” என்பதே. இதற்கு விடை கூறக் கண்பார்வை மட்டும் போதாது. கரையில் நின்று காணும் நீர் அந்நேரத்து நீரேயாகும். அடுத்த மணி நேரத்து நீர் மேற்புறத்தில் எங்கோ வந்துகொண்டிருக்கும். ஆகவே மேற்புறத்தில் என்ன உள்ளது, கீழ்ப்புறத்தில் என்ன உள்ளது, இடையிலுள்ள நீர் எத்தகையது என்னும் மூன்றையும் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

மேற்புறத்தை அறிதல்

2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் மாலை, இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த பொறியியல் மாணவர் சிலர் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் இறங்கியபோது நீர் குறைவாகவே இருந்தது. மேற்புறத்திலுள்ள லார்ஜி நீர்மின் நிலைய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதும் ஆறு சிறிது நேரத்திற்குள் உயர்ந்து, மாணவர் 24 பேரை அடித்துச் சென்றது.

அணைகளில் நீர் திறப்பு, மழையை மட்டும் பொறுத்ததன்று. மின்சாரத் தேவை கூடினாலும் குறைந்தாலும் ஆற்றில் விடப்படும் நீரின் அளவு மாறக்கூடும். ஆதலால் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அணைக்குக் கீழுள்ள ஆற்றுப்படுகை நம்பத் தக்கதன்று. மேற்புறத்தில் அணை உள்ளதா, எந்நேரத்தில் நீர் விடப்படும், எச்சரிக்கைச் சங்கு உண்டா என்பவற்றை அணை அலுவலகத்திலும் உள்ளூர் மக்களிடமும் கேட்டறிதல் வேண்டும். இவை தெரியாதவிடத்துப் படுகையில் இறங்கலாகாது.

பனிமலையில் பிறக்கும் ஆறுகளில் வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் நீர் பெருகும். இத்தகைய ஆறுகளின் மேற்பகுதியில் அதிகாலையில் நீர் குறைந்தும், பிற்பகலிலும் மாலையிலும் மிகுந்தும் காணப்படும். காலையில் எளிதில் கடந்த ஓடையை மாலையில் கடக்க இயலாமற் போவது இதனாலேயே. மழைக்காலத்தில் மத்திய நீர் ஆணையம் வெளியிடும் வெள்ள அறிவிப்பைப் பார்த்தல் நன்று. நீர்மட்டம் எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டியிருப்பின், அந்த ஆற்றில் பொழுதுபோக்கு எதுவும் கூடாது.

வேகமும் ஆழமும்

ஓட்டத்தின் வேகத்தை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. கரையில் 20 மீட்டர் அளந்து இரு முளைகளை நடுக. முதல் முளைக்குச் சற்று மேலே ஒரு மரத்துண்டை நீரோட்டத்தில் எறிந்து, அது இரு முளைகளையும் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுக. 16 விநாடி ஆயின் வேகம் விநாடிக்கு 1.25 மீட்டர் ஆகும். ஓடும் நீர் உடலைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இவ்வேகத்தை ஆழத்தின் மீட்டர் அளவால் பெருக்குக. வெள்ளநீரில் மனிதர் நிலைத்து நிற்கும் ஆற்றல் குறித்து ஆஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட வரம்பின்படி, பெருக்குத்தொகை சிறுவர்க்கு 0.4, பெரியவர்க்கு 0.6 என்பதைக் கடக்கலாகாது. மேற்கூறிய ஓட்டத்தில் ஆழம் அரை மீட்டரே எனினும் தொகை 0.625 ஆகிறது. முழங்கால் அளவு நீர்தானே என்று எண்ணுவது எத்துணைத் தவறு என்பது இதனால் விளங்கும். பாசி படிந்த பாறைகளில் இதினும் குறைந்த ஓட்டமே காலை வாரிவிடும்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடுதலும் பிழையாகும். ஒளி விலகலால், நேர்மேலிருந்து பார்ப்பவர்க்கு நீரின் ஆழம் முக்கால் பங்காகவே தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஆகவே நீண்ட கழியைக் கரையிலிருந்தே ஊன்றி அளத்தல் வேண்டும். மணல் அள்ளிய குழிகள் உள்ள படுகையில் ஓரடி தள்ளினும் ஆழம் மாறும்.

கீழ்ப்புறத்தை அறிதல்

கால் இடறினால் நீர் எங்கே கொண்டுசெல்லும் என்பது அடுத்த கேள்வி. கீழே மணல் திட்டு இருப்பின் தப்ப வழியுண்டு. பாறை இடுக்கு, வீழ்ந்த மரம், அணைக்கட்டு ஆகியவை இருப்பின் வழி அரிது. தடுப்பணையின் மீது வழிந்து விழும் நீர், அடிவாரத்தில் மேற்பரப்பு நீரை மீண்டும் அணையை நோக்கி இழுக்கும். மேலிருந்து பார்க்க அமைதியாகத் தோன்றும் அவ்விடத்தில் தேர்ந்த நீச்சல்காரரும் சிக்குவர்.

ஏரியின் இயல்பு

ஏரியில் ஓட்டம் இல்லை எனினும் காற்று உண்டு. கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும்போது கரையோர நீர் அசைவற்றிருக்கும். தொலைவில் அலை மிகுந்திருக்கும். புறப்படும் படகு எளிதில் செல்லும், திரும்புதல் கடினமாகும். ஒடிசாவின் சிலிகா போன்ற பரந்த, ஆழமற்ற நீர்ப்பரப்பில் அலைகள் குறுகியும் செங்குத்தாகவும் எழும். கீழை மாநிலங்களில் மார்ச்சு முதல் மே வரை பிற்பகலில் வரும் காலபைசாகிப் புயல் குறுகிய நேரத்தில் திரளும். இடியோசை கேட்டவுடன் கரையேறுக. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கற்க.

படகைச் சோதித்தலும் ஏரியைச் சோதித்தலைப் போன்றே இன்றியமையாதது. 2024ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து மாணவர் 12 பேரும் ஆசிரியர் இருவரும் இறந்தனர். படகு ஏற்கத்தக்க அளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். மிதவைச் சட்டை எல்லோர்க்கும் அணிவிக்கப்படவில்லை. படகின் கொள்ளளவைக் கேட்டு, ஆட்களை எண்ணி, ஒவ்வொருவர்க்கும் சட்டையின் கச்சையைத் தானே இறுக்கிப் பார்த்தபின்னரே ஆசிரியர் இசைவு தருதல் வேண்டும்.

நீரின் தூய்மை

தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், நீராடுதற்கேற்ற ‘பி’ வகை நீரில் 100 மில்லிலிட்டருக்குக் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 500க்கு மேற்படலாகாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. சோதனைக் கருவி இல்லாதவிடத்துச் சாக்கடை கலக்கும் வாய்களையும், பெருமழைக்குப் பிந்திய நாட்களையும், பச்சை வண்ணம் பூசியது போன்ற ஏடு படர்ந்த நீரையும் தவிர்த்தல் வேண்டும். கடைசியிற் கூறியது நஞ்சு உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசியாகவும் இருக்கக்கூடும்.

மாணவர்க்குரிய பயிற்சி

1. கரையின் பாதுகாப்பான பகுதியில், ஆசிரியர் முன்னிலையில், மிதவை முறையால் வேகத்தை மூன்று முறை அளந்து சராசரி காண்க.

2. கோடிட்ட கழி ஒன்றை நீர்விளிம்பில் நட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறிக்க. மட்டம் உயர்தல், தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மேட்டுக்குச் செல்க.

3. கரையிலிருந்தே கயிறு அல்லது மூங்கிற்கழி நீட்டி ஒருவரை இழுத்துப் பழகுக. மூழ்குபவரைக் காக்கப் பயிற்சியற்றவர் நீரில் குதித்தலாகாது.

மேலே கூறிய சோதனைகளுள் ஒன்றிற்கேனும் தெளிவான விடை கிடைக்காதபோது, “இங்கே இறங்கலாமா?” என்னும் கேள்விக்கு “வேண்டா” என்பதே விடையாகும்.