அணைத்து அணைத்தே வளர்ந்த தீ

கேள்வி: கலிபோர்னியாவில் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் காட்டுத்தீ ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது? காட்டுக்குத் தீ வைத்தே தீயைத் தடுக்கலாமாமே, வேடிக்கையாக இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: அணைப்பதில் காட்டிய அதிகச் சுறுசுறுப்பும் ஒரு காரணம். 1910இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்த பீதியில், அமெரிக்க வனத்துறை தீயைப் பரம எதிரியாக்கிக்கொண்டது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் விதியே வந்தது. தீ அடங்கியது, சருகும் சுள்ளியும் குவிந்தன. சியரா நெவாடாவின் பைன் காடுகளில் முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஊரும் சிறு தீ குப்பையைத் தின்றுவிடும். பட்டை தடித்த பெருமரங்கள் பிழைத்துக்கொள்ளும். வடமேற்குக் கலிபோர்னியாவின் கரூக், யூரோக் பழங்குடியினர் தங்கள் காடுகளை வேண்டுமென்றே அப்படி எரித்துவந்தார்கள். அதைத் தடுத்த பிறகு நெருக்கமாக முளைத்த இளமரங்கள்தான் இன்று தீக்கு ஏணி. தரையில் பிடித்தது உச்சாணிக் கிளைக்கு ஏறிவிடுகிறது.

பருவநிலை மாற்றம் காரணமில்லையா என்றால், நிச்சயமாக உண்டு: வெயில் விறகைக் காயவைக்கிறது. ஆனால் விறகைக் குவித்தது நாம். அந்தக் குவியலைக் குறைக்கத்தான் காட்டுக்கு அளவாகத் தீ வைப்பது. வைத்த தீ கைமீறாதா? மீறும்; 2022இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை வைத்த தீயே 3 லட்சம் ஏக்கருக்கு மேல் விழுங்கியது. அதனால்தான் ஈரப்பதமும் காற்றும் பார்த்து, சிறு சிறு பகுதியாக எரிக்கச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும்: இந்த வைத்தியம் தெற்குக் கலிபோர்னியாவின் புதர்க்காட்டுக்கு ஒத்துவராது. அங்கே தீ அடிக்கடி வருவதே நோய்.