உறக்கத்தில் நின்றுபோகும் மூச்சு: அறிகுறிகளும் பரிசோதனையும் சாரதிகளின் சட்டக் கடமையும்

உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவது தமிழ் இல்லங்களில் நெடுங்காலப் பழக்கம். ஆனால் குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அறையே அமைதியாகி, பின்னர் பெரும் திணறலுடன் மூச்சு மீளுமாயின் அது நல்லுறக்கம் அன்று. கவனிக்க வேண்டியது சத்தத்தை அல்ல, இடையில் வரும் அந்த அமைதியையே. வைத்தியர்கள் இதனை ஸ்லீப் அப்னியா என்பர். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம்.

இதில் மிகப் பரவலானது அடைப்பு வகையாகும். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்சரிந்து மூச்சுப்பாதையை மூடிவிடுகின்றன. நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் போராடும், காற்று உட்செல்லாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழிப்புற்று, தசைகளை இறுக்கி வழியைத் திறக்கும். கடுமையான நிலையில் ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான தடவைகள் நிகழக்கூடும். உறங்குபவரோ காலையில் எதையும் நினைவுகூரார்; எட்டு மணிநேரம் படுத்திருந்தும் களைப்பு ஏன் தீரவில்லை என்றே வியப்பார்.

மைய வகை இதனினும் அரிது. அதில் வழி திறந்தே இருக்கும். மூச்சிழுக்கும்படி மூளை கட்டளை அனுப்பத் தவறும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், ஓப்பியொயிட் வகை வலிநிவாரணிகளின் நீண்டகாலப் பயன்பாடு ஆகியவற்றோடு இது தொடர்புடையது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. சிகிச்சை வகைக்கேற்ப வேறுபடுவதால், குறட்டையை மட்டும் கேட்டு எவரும் தாமாக முடிவுகட்டலாகாது.

பகல் நேரத் தூக்கமயக்கம், காலைத் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், மறதி, எரிச்சல் ஆகியன வழக்கமான அறிகுறிகள். கட்டுப்பாட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தமும், இரண்டாம் வகை நீரிழிவும் இதனுடன் சேர்ந்தே காணப்படுவதுண்டு. உடற்பருமன் முக்கிய காரணம். தெற்காசியருக்கு இங்கு எல்லைகள் வேறு: உடற்திணிவுச் சுட்டெண் 23 ஆனால் அதிக எடை, 27.5 ஆனால் உடற்பருமன் என்றே பிரித்தானிய வழிகாட்டல் கணக்கிடுகிறது. பார்வைக்கு மெலிந்தவரும் விலக்கல்லர். சிறிய தாடையமைப்பும் மூச்சுப்பாதையை ஒடுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் குறட்டையைவிடச் சோர்வும் உறக்கமின்மையுமே முன்னிற்கலாம். ஆதலால் அது மனவழுத்தம் என்றோ, வீட்டுவேலைக் களைப்பு என்றோ தவறாக எண்ணப்படுகிறது.

முதற்படி குடும்ப வைத்தியரைக் காண்பதே. அவர் பெரும்பாலும் எப்வேர்த் வினாப்பட்டியலைத் தருவார். 1991இல் மெல்பேர்னில் உருவாக்கப்பட்ட இப்பட்டியலில், வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவின்பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை புள்ளியிட வேண்டும், மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் அது மிகையான தூக்கமயக்கம். மரியாதை கருதியோ வேலை போய்விடும் என்றஞ்சியோ குறைத்துப் புள்ளியிடுவோர் பலர். அது தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும்.

மூச்சு நின்றதைக் கண்ட சாட்சி துணைவரே. இயன்றால் அவரும் உடன்செல்லட்டும். ஆனால் மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. தந்தையின் உடற்பருமனையும் மதுப்பழக்கத்தையும் மகன்முன் பேச நேர்ந்தால் பாதி உண்மை மறைந்துவிடும். தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கோரலாம். நேரம் ஒதுக்கும்போதே கேட்க வேண்டும்.

பின்னர் உறக்க ஆய்வு. பெரும்பாலும் ஒரு சிறு கருவி வீட்டுக்கே கொடுக்கப்படும். நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒட்சிசன் மானி. வழக்கமான கட்டிலிலேயே உறங்கினால் போதும். விரல்மானி கருநிறத் தோலில் ஒட்சிசனைக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், அது மட்டுமே செய்யப்பட்டு 'குறையில்லை' எனப்பட்டும் அறிகுறிகள் தொடருமாயின், முழுமையான ஆய்வைக் கேட்பதில் தவறில்லை. மூச்சு பத்து நொடியேனும் நின்ற அல்லது குறைந்த நிகழ்வுகள் எண்ணப்படும். மணிக்கு 5க்கு மேல் இலேசானது, 15க்கு மேல் மிதமானது, 30க்கு மேல் கடுமையானது.

சிகிச்சையில் முதன்மையானது, முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபாப் கருவி. 1981இல் சிட்னியில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இக்கருவியைத் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றி இரவல் தருகிறது.

வாடகைக் கார், விநியோக வண்டி ஓட்டும் பலர் பரிசோதனைக்கே செல்லாதிருப்பது அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்னும் அச்சத்தினாலாகும். சட்டம் சொல்வது வேறு. மிகையான தூக்கமயக்கமின்றி வெறுமனே குறட்டை விடுபவர் சாரதி அனுமதி முகவரகமான டி.வி.எல்.ஏ.க்கு எதனையும் அறிவிக்க வேண்டியதில்லை. மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடையும் மிகையான தூக்கமயக்கமும் சேர்ந்திருப்பது உறுதியானால் அறிவித்தல் கட்டாயம்; அறிகுறிகள் கட்டுப்படும்வரை வாகனம் ஓட்டலாகாது. இலேசான அல்லது சந்தேகிக்கப்படும் மூச்சுத்தடையால் மிகையான தூக்கமயக்கம் மூன்று மாதங்களேனும் நீடித்தாலும் அறிவிக்க வேண்டும். சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றி மயக்கம் நீங்கியவர் மீண்டும் ஓட்டலாம். மறைத்தவருக்கு ஆயிரம் பவுண் வரை அபராதம் உண்டு.

விபத்து நேர்ந்தபின் 'உறங்கிவிட்டேன்' என்பது எதிர்வாதமாகாது. 1945இல் தீர்க்கப்பட்ட கே எதிர் பட்டர்வேர்த் வழக்கில், இரவு வேலை முடிந்து வீடு திரும்புகையில் உறங்கிப்போய், சாலையில் அணிவகுத்துச் சென்ற படையினர்மீது மோதிய சாரதியின் அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உறக்கம் வருவதை உணர்ந்தவர் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இரவு நேர எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் வேலை முடித்து விடியலில் வீடு திரும்புவோருக்கும் அதே விதி பொருந்தும்.