அன்பைச் சொல்லும் இனிப்பு... அளவோடு!

பிப்ரவரி நெருங்கிவிட்டால் ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் ஒருவருக்கும் ஓய்வு இருக்காது. தளி, பாகலூர், கெலமங்கலம் என்று சுற்று வட்டாரத்தில் விளையும் ரோஜாக்கள், முக்கியமாக 'தாஜ்மஹால்' என்கிற சிவப்பு ரகம், 14-ம் தேதி காதலர் தினத்துக்காகப் பெட்டி பெட்டியாக பெங்களூரு போய் அங்கிருந்து விமானம் ஏறும். சுமார் 3,000 அடி உயரமும் இதமான குளிரும் ரோஜாவுக்கு அப்படியொரு பொருத்தம்!

"ஊருக்கெல்லாம் ரோஜா அனுப்பறோம்... நமக்கு கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. இனிமே எதுக்குங்க காதலர் தினம்?" என்று கேட்பவரா நீங்கள்? கொண்டாட வயது தடையில்லை. ஆனால் அவருக்கோ உங்களுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், கடையில் வாங்கும் ஒரு கிலோ இனிப்புப் பெட்டி அன்பளிப்பு ஆகாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். அதனால் இனிப்பை வீட்டிலேயே, கையளவாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

பரிசாக வந்த ரோஜாவின் இதழைப் பிய்த்துப் பாயசத்திலும் கேக்கிலும் தூவி அழகு பார்க்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம்! அந்தப் பூக்கள் சாப்பிடுவதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. சாம்பல் நோய், சிலந்திப் பேன் ஆகியவற்றிலிருந்து காப்பாற்ற அவற்றுக்கு மருந்து அடிக்கிறார்கள். காய்கறி என்றால் மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கவேண்டும் என்று கணக்கு உண்டு. அலங்காரப் பூவை யாரும் அந்தக் கணக்கில் பறிப்பதில்லை. செடிக்குள் ஊடுருவிய மருந்து தண்ணீரில் கழுவினாலும் போகாது. ஜாடியில் வைத்து ரசியுங்கள், அது போதும். இதழ் வேண்டுமென்றால், மருந்தே அடிக்காமல் வீட்டுத் தொட்டியில் வளர்த்த பன்னீர் ரோஜாவை மட்டும் பயன்படுத்துங்கள்.

சிவப்பு நிறம் வேண்டுமா? பீட்ரூட் இருக்கிறதே!

1. பீட்ரூட் தேங்காய் இதயம்

தேவை: துருவிய பீட்ரூட் 1 கப், தேங்காய்த் துருவல் 1 கப், பால் அரை கப், பால் பவுடர் அரை கப், சர்க்கரை 100 கிராம், நெய் 2 டீஸ்பூன், ஏலக்காய் 2.

செய்முறை: அடி கனமான வாணலியில் நெய் விட்டு, பீட்ரூட்டைப் பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் வதக்குங்கள். பாலை ஊற்றி, பீட்ரூட் வெந்து பால் சுண்டும்வரை கிளறுங்கள். பிறகு தேங்காய், சர்க்கரை சேருங்கள். சர்க்கரை இளகி நீர் விடும், பயப்படவேண்டாம். அது வற்றியதும் பால் பவுடரைத் தூவி, கலவை சுருண்டு வரும்போது ஏலக்காய்ப் பொடி போட்டு இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் 20 உருண்டைகளாகப் பிடித்து, தட்டையாக்கி, மேலே விரலால் லேசாகப் பள்ளம் வைத்து, கீழ்ப்பக்கத்தைக் கூராக்கினால் இதய வடிவம் தயார். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு துண்டுக்கு நாம் சேர்த்த சர்க்கரை 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். இதைச் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது பீட்ரூட்டின் நிறம்தான். இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது.

2. ராகி வேர்க்கடலை உருண்டை

நம்ம ஊர் ராகி களிக்கு மட்டுமா? 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைப்போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

தேவை: ராகி மாவு 1 கப், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரை கப், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 10, நெய் 3 டீஸ்பூன், ஏலக்காய் 3.

செய்முறை: சிறு தீயில், நெய்யில் ராகி மாவை 10 நிமிடமாவது கைவிடாமல் வறுங்கள். மணம் வரவேண்டும், அவசரப்பட்டால் மாவு வாயில் ஒட்டும். வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலைகளைப் பார்த்துப் பொறுக்கி எறிந்துவிடவேண்டும். பேரீச்சம்பழத்தை மிக்ஸியில் மசித்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து 15 உருண்டைகள் பிடியுங்கள். உதிர்ந்தால் காய்ச்சிய பால் இரண்டு ஸ்பூன் தெளிக்கலாம். ஆனால் பால் சேர்த்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டே நாளில் காலி செய்யவேண்டும்.

"சர்க்கரையே போடலையே, எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாமா?" கூடாதுங்க! பேரீச்சையிலும் சர்க்கரை உண்டு. ராகி மாவும் மாவுச்சத்துதான். ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் இதே கதைதான்.

எவ்வளவு சாப்பிடலாம்?

நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர், சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்கவேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வழிகாட்டுதல். காபி, டீயில் போடுவதும் இதில் அடக்கம்! ஆகவே ஆளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் ஒன்று போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து, அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சாப்பிடட்டும். இனிப்பு சாப்பிடுகிறோமே என்று தானாக மாத்திரையைக் கூட்டுவதோ, சாப்பாட்டையே விடுவதோ ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். சிப்காட் பக்கம் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே மாறிப்போகிறது. அவர்கள் மாத்திரை நேரத்தையும் இன்சுலின் நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்வது அவசியம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் அவரைக் கேட்காமல் இனிப்பைத் தொடவேண்டாம்.

அந்த ஒரே ஒரு துண்டையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்து பாருங்களேன். அவர் தேங்காய் துருவட்டும், நீங்கள் கிளறுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் இரண்டு பேருமாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள். மாலைக் குளிரில் பேசிக்கொண்டே நடந்தால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது!