வீட்டில் கூடைப்பந்து: எந்தக் கம்பம், எந்தத் தரை?

வீட்டுக்குக் கூடைப்பந்துக் கம்பம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போர்டைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். ஆனால் குழந்தை ஓடுவதும் குதித்து இறங்குவதும் தரையில்தான். அதனால் இடத்தையும் தரையையும் முதலில் முடிவு செய்யுங்கள். எந்தக் கம்பம் பொருந்தும் என்பது அதன்பின் தானாகத் தெரிந்துவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஃப்ரீ த்ரோ கோடு போர்டிலிருந்து 15 அடி. 20 அடிக்கு 20 அடி இடம் இருந்தால் ஃப்ரீ த்ரோவும் லே-அப்பும் பழகலாம். மூன்று புள்ளி எறிதலுக்கு, போர்டிலிருந்து ஏறத்தாழ 26 அடி தேவை. வளையத்தின் உயரம் 10 அடி. 1891-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடையை மாட்டியதிலிருந்து அது மாறவில்லை. ஆனால் சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டரில், அதாவது எட்டரை அடியில்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகளை 10 அடிக்கு எறிய வைத்தால் உடம்பை முறுக்கி எறியும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் உயரத்தை ஏற்றி இறக்கும் வகையையே வாங்குங்கள்.

மூன்று வகைக் கம்பங்கள்

*சக்கரம் வைத்தது:* வாடகை வீட்டுக்கு இதுதான் சரி. அடித்தொட்டியில் தண்ணீரைவிட மணல் நிரப்புவது நல்லது. எடை கூடும், கசிந்து காலியாகாது. ஆனாலும் ஆட்டம் இருக்கும். யாரும் வளையத்தில் தொங்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் படுக்க வைத்துவிட வேண்டும்.

*சுவரில் மாட்டுவது:* இடமும் மிச்சம், செலவும் குறைவு. ஆனால் எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி. கான்கிரீட் பில்லரிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் போட்டு மாட்டலாம். நாலரை அங்குலக் காம்பவுண்டு சுவரும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் இதற்கு ஆகாது. பந்து மோத மோத போல்ட்டைச் சுற்றிப் பூச்சு உதிரும், பிறகு செங்கல் தளரும். போர்டு சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடியாவது முன்னால் நிற்க வேண்டும். லே-அப் போட்டு வருகிறவர் சுவரில் மோதாமலிருக்க அந்த இடைவெளி அவசியம்.

*தரையில் ஊன்றுவது:* சொந்த வீடும் திறந்த இடமும் இருந்தால் இதற்கு ஈடில்லை. இரண்டடி அகலம், நான்கடி ஆழத்தில் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, ஒரு வாரமாவது கியூரிங் செய்த பிறகே போர்டை ஏற்றுங்கள். கம்பத்தை நேராகக் கான்கிரீட்டில் புதைக்காமல் ஆங்கர் போல்ட் வைத்து நிறுத்தினால் பின்னால் கழற்றலாம். கடலோர ஊர்களில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கால்வனைஸ் செய்ததைக் கேளுங்கள். கம்பத்தைச் சுற்றி ஆறடி உயரத்துக்கு ஃபோம் கட்டுங்கள்.

தரை

மண்தரையில் பந்து எழும்பாது. பேவர் பிளாக்கில் இடுக்கில் பட்ட பந்து திசை மாறிப் போகும். வழவழப்பான டைல்ஸ் மழை ஈரத்தில் ஆபத்து. நன்றாகத் திமிசு போட்ட மண்ணின் மேல் நாலு அங்குல கான்கிரீட் போட்டு, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்குவதே சிக்கனமும் நீடித்த உழைப்பும் தரும். 100 அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடுத்தால் மழைத் தண்ணீர் தேங்காது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு ஜாயிண்ட் விடாவிட்டால், கான்கிரீட் தன் விருப்பத்துக்கு விரிசல் விடும். அக்ரிலிக் பூச்சு வேண்டுமானால் 28 நாள் கழித்துச் செய்யலாம். மாடித் தளத்தில் ஆட நினைத்தால் ஓட்டை போடாமல் பிளாஸ்டிக் இண்டர்லாக் டைல்ஸ் விரியுங்கள். அங்கே சுற்றிலும் வலை கட்டாமல் ஒரு பந்துகூட எறிய விடாதீர்கள்.

திசை

ஆட்டம் நடப்பது பெரும்பாலும் மாலையில். மேற்கே வளையம் இருந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வடக்கிலோ தெற்கிலோ வையுங்கள்.

எதைத் தேர்வது?

வாடகை வீடு என்றால் சக்கரக் கம்பம். உறுதியான பில்லர் இருந்தால் சுவர்ப் போர்டு. சொந்த நிலம் என்றால் ஊன்றிய கம்பம். கையிருப்பு போதவில்லை என்றால் போர்டில் குறையுங்கள், தரையில் குறைக்காதீர்கள். மரைன் பிளைவுட் போர்டைப் பிறகு அக்ரிலிக்காக மாற்றிக்கொள்ளலாம்; மோசமான தரையை உடைத்துத்தான் மாற்ற வேண்டும், அதற்குள் பிள்ளையின் கணுக்காலும் முழங்காலும் பாடுபட்டிருக்கும்.