முந்தின நில்தாண

ஊரிலிருந்து மாமா முதல்முறையாகப் பெங்களூர் மெட்ரோவில் வந்தார். வீடு பொம்மசந்திராவில் என்றாலும் எங்கள் சந்துக்கு ஹெப்பகோடி ஸ்டேஷன்தான் கிட்ட. அங்கே இறங்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். போன் வந்தது. குரலில் ஏகப்பட்ட பதற்றம்.

"மாப்ள, ஹெப்பகோடிய தாண்டிட்டேன்டா. முந்தின ஸ்டேஷனாம். பதறிப்போயி இதுல இறங்கிட்டேன். இது எந்த ஊருன்னு தெரியல."

"மாமா, தலைக்கு மேல போர்டுல என்ன போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஹெப்பகோடின்னுதான்டா போட்டிருக்கு" என்றார்.

தப்பு அவர் மேல் இல்லை. ரயிலில் 'முந்தின நில்தாண' என்று அறிவிப்பார்கள். கன்னடத்தில் அதற்கு அடுத்த நிலையம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது தாண்டிப்போன நிலையம். நாமும் 'முன்னால் போ' என்றால் எதிரே இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறோம். 'முன்பு' என்றால் மட்டும் கடந்துபோன காலத்துக்குத் தாவிவிடுகிறோம். கன்னடக்காரர் தாவவில்லை, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்த இந்த மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓட்டுநர் இல்லாமலே ஓடும் அளவுக்குத் தொழில்நுட்பம் உள்ள ரயில். சில்க் போர்டு நெரிசலில் வருடக்கணக்காக வெந்த எனக்கு அது வரம். அப்பேர்ப்பட்ட ரயிலிலும் என் மாமாவைக் குழப்ப ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் கன்னடம் கற்கவில்லை. தேவைப்படவில்லை என்பதே உண்மை. பட்டறையில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை. டீக்கடையில் தமிழ், வீட்டுக்காரரிடம் தமிழ். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். தமிழர் கன்னடம் படிக்காமல் போவதற்குப் பொம்மசந்திராவைவிட வசதியான இடம் பெங்களூரில் இல்லை என்பேன்.

தேவைப்பட்ட நேரங்களில் போனில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினேன். அது பேசிய கன்னடம் 'தயவிட்டு' என்று ஆரம்பித்து 'நீடி' என்று முடிந்தது. கடைக்காரர் சிரித்தார். நம்மூர் மளிகைக் கடையில் ஒருவர் வந்து, 'தயைகூர்ந்து அரைக் கிலோ துவரம்பருப்பு அளிப்பீராக' என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கிறது. கடைசியில் சில்லறைக்கு அவர்கள் சொல்வதும் சில்லரெதான் என்று தெரிந்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கன்னடத்தின் கதவைத் திறந்துவிட்டவர் எங்கள் பட்டறையில் இருந்த பெரியவர் ஒருவர், மண்டியாக்காரர். "உங்க 'ப'வை எடுத்துட்டு 'ஹ' போடு" என்றார். அவ்வளவுதான் பாடம். பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பூ, ஹூவு. பத்து, ஹத்து. பெயர், ஹெசரு. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'வாகவே இருந்தவை, பிறகு தேய்ந்தன. பக்கத்து ஓசூர்கூட ஹொச ஊருதான், அதாவது நம் புதூர். தமிழ்நாட்டு மண்ணில் கன்னடப் பெயர், அதில் 'ஹ'வையும் நாம் விழுங்கிவிட்டோம்.

இரட்டித்த 'ப்ப' மட்டும் அசையாது. உப்பு உப்பேதான், அப்பா அப்பாதான். அதனால் பத்து ஹத்து ஆனாலும் இருபது இப்பத்துதான். நான் ஒருமுறை 'இஹத்து' என்று சொல்லி ஒரு ஆட்டோக்காரரைக் குழப்பியிருக்கிறேன்.

அடுத்தது 'வ'. அது அங்கே 'ப' ஆகும், அழுத்திச் சொல்லும் 'ப'. வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ. தாவணகெரெ பெண்ணெ தோசை என்று வரிசையில் நின்று சாப்பிடுகிறோமே, அது வெண்ணெய் தோசை. தொண்ணூறுகளில் வீட்டுக் கதவுகளில் 'நாளெ பா' என்று எழுதிவைத்தார்களாம். இரவில் வந்து கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடும். 'நாளை வா', அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பேய்!

மூன்றாவதில் மாறியது நாம். செவி அங்கே கிவி, சேரி அங்கே கேரி, சிவப்பு கெம்பு. மூலத்தில் இருந்தது 'க'தான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். இதைச் சொன்னதும் மண்டியாப் பெரியவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே.

விதி தெரியாவிட்டால் சண்டையே வரும். புதிதாக வந்த எங்கள் ஊர்ப் பையன் ஒரு கிரகப்பிரவேச வீட்டு வாசலில் விறைத்து நின்றான். உள்ளேயிருந்து எல்லோரும் அவனைப் பார்த்து 'பன்னி, பன்னி' என்கிறார்கள். வாங்க வாங்க என்கிறார்கள், பாவம். நம் பன்றி அங்கே ஹந்தி.

இதெல்லாம் சோற்றுக்கு ஆகுமா என்று கேட்டால், 2025 ஜூலையில் ஆனது. கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது சட்டம். ஒரே வாரத்தில் கடைகளில் க்யூஆர் அட்டைகள் காணாமல் போயின. 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று காகிதம் தொங்கியது. அந்த மாதம் 23ஆம் தேதி முதல்வர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்துப் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் தணிந்தது.

அப்படி ஒரு காலையில் பேக்கரியில் ரொட்டியும் பாலும் எடுத்துவிட்டுப் பர்ஸைத் திறந்தால் பத்து ரூபாய்தான் இருக்கிறது. போனில் இருந்த பணத்தால் ஒரு பன்கூட வாங்க முடியவில்லை. "அக்கா, நாளெ கொட்தீனி" என்றேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பரவாகில்ல, ஹோகி பன்னி" என்றார். போய்ட்டு வாங்க. முதல் இரண்டு விதியும் ஒரே வாக்கியத்தில்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது மூன்று. பர்ஸில் இருநூறு ரூபாய்த் தாள் ஒன்று மடித்து வையுங்கள். பெரியவர்களிடம் 'நீனு' வேண்டாம், 'நீவு' என்று சொல்லுங்கள். 'கன்னட கொத்தில்ல' என்று கையை விரிக்காமல் 'ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ' என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சம் வரும் என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் முகம் மாறுவது தெரியும்.

ஹெப்பகோடியில் இறங்க வேண்டியவர்கள், 'முந்தின நில்தாண' என்று கேட்டதும் பதறாமல் எழுந்து கதவருகே வந்து நில்லுங்கள். அதை விட்டால் பொம்மசந்திரா. அதற்கப்புறம் தண்டவாளம் இல்லை.